லைனிங் துணி

அவளுக்கு மட்டும் சூரியன்கூடச் சொன்ன பேச்சைக் கேக்குது. அவ ஜன்னல்ல விழுற வெயில் மட்டும் எப்படித் தங்கத்தை உருக்கி ஊத்தின மாதிரி இருக்கு? எனக்கு வாய்ச்சது அடுத்த வீட்டுச் சுவரு.

பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தங்கையின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி வந்தாள் பெரியவள். பிறந்த வீட்டில் இரண்டே பெண்கள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராக நின்றுவிட்டது. பெரியவள் ஒரு கடையில் திரைச்சீலை தைக்கிறாள். சின்னவள் தன் வீட்டைப் படம் பிடித்துப் போனில் போடுகிறாள். திரைச்சீலை, அதன் வழியே கசியும் வெயில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மடியில் விரித்த புத்தகம். தங்கை புத்தகம் படித்து அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

கண் விழித்ததும் கை போனைத்தான் தேடும். பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்துவிட்டாலோ அன்றைய பொழுது பாழ். புருஷன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். "உன் தங்கச்சி வீட்டுலயும் குழாய் ஒழுகும்டி, அதையெல்லாம் படம் எடுத்துப் போட மாட்டா" என்று முதலில் சிரித்துக்கொண்டிருந்தான். இவள் குத்திக் குத்திப் பேசியதில் அந்தச் சிரிப்பும் போயிற்று. இப்போது வேலை முடிந்து வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், எழுந்து போவான்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் மகளுடைய தோழிகள் வாசல்வரை வந்தார்கள். "உள்ள பெயிண்ட் அடிக்கிறாங்க" என்று பொய் சொல்லி மகள் அவர்களைத் திருப்பி அனுப்பினாள். பிறகு சித்தியின் படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "நாம மட்டும் ஏம்மா இப்படி இருக்கோம்?" கேள்வியைவிட அதன் குரல்தான் பெரியவளைத் தைத்தது. அது பெரியவளின் குரலேதான், ஒரு மாற்றமும் இல்லாமல். அன்றிலிருந்து மகள் பாதித் தட்டில் எழுந்துவிடுகிறாள்.

சின்னவள் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. "இன்னும் சாமானே அடுக்கலைக்கா, அப்புறம் வா" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பத்து நாள் முன்னால்தான் அளவு சொல்லி ஒரு திரைச்சீலை கேட்டாள். பழசு வெயில் பட்டு வெளுத்துப்போச்சாம். வெயில் என்றதும் பெரியவளின் தொழில் புத்தி முந்திக்கொண்டது. கேட்காமலே பின்பக்கம் கெட்டியான லைனிங் துணி வைத்துத் தைத்து, தங்கை புருஷனிடம் கொடுத்தனுப்பினாள். நேற்று சின்னவள் போனில் அழாத குறை.

"லைனிங்கை யாரு வைக்கச் சொன்னா? வெளிச்சமே வரலை. நாளைக்குப் படம் போட்டாகணும். நான் பிரிச்சா துணி கிழிஞ்சிடும். நீயே வந்து பிரிச்சிடேன்."

விலாசம் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். கதவைத் திறந்த சின்னவள் வழியை விட்டு ஒதுங்கினாள்.

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள், பாதி அறையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டில். மிச்சமிருந்த மூலையில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட், அந்த நாற்காலி, அந்தத் திரை. பெரியவள் திரையை ஒதுக்கினாள். ஜன்னல் இல்லை. சுவர், அதில் ஒரு பெரிய மஞ்சள் பல்பு, பக்கத்தில் சூட்டில் கருகிய பழைய திரையின் நுனி ஆணியில் தொங்கியது.

"அவருக்கு வேலை போயிடுச்சுக்கா" என்றாள் சின்னவள். "யாருகிட்டயும் சொல்லிடாதே."

பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. இந்தச் சுவரைப் பார்த்தா இத்தனை நாள் வெந்து செத்தேன்? இந்தப் பல்புக்காகவா கட்டினவனைக் கரித்துக் கொட்டினேன்?

உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். சின்னவள் சும்மா இருக்கவில்லை, தன் போனை நீட்டினாள். யாரோ ஒருத்தியின் வீடு. "இவ வீட்டுல சுவருக்குச் சுவரு ஜன்னல். இவளைப் பார்த்தா எனக்குத் தூக்கமே வரதில்லைக்கா."

"அங்க மட்டும் ஜன்னல் இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது?"

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்."

லைனிங் கழன்று மடியில் விழுந்தது. சின்னவள் திரையை மாட்டி, பின்னாலிருந்த விளக்கைப் போட்டாள். அந்த மூலை மட்டும் விடிந்துவிட்டது. உண்மை தெரிந்த பிறகும் ஒரு நொடி பெரியவளுக்கு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. சின்னவள் படம் எடுத்தாள், கட்டில் விளிம்பு தெரிகிறதென்று மறுபடி எடுத்தாள்.

"ஒரே ஒரு உதவிக்கா. இதுக்குக் கீழ நீ ஒரு வரி எழுது. 'தங்கச்சி வீட்டுக்குப் போனேன், என்ன வெளிச்சம்!'னு. ஏன் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடறதில்லைன்னு சொந்தக்காரங்க குடையறாங்க. நேர்ல பார்த்தவ நீ, சொன்னா நம்புவாங்க."

நம்புவார்கள். முதல் ஆளாக மகள் நம்புவாள். இதுவரை சித்தி சொன்னது. இனி அம்மாவே கண்ணால் பார்த்துச் சொன்னது.

"எம்பொண்ணு இதைப் படிப்பாடி."

"படிச்சா என்ன? அவளுக்கு ஆசையா இருக்கும்ல?"

பெரியவள் லைனிங் துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு வரிதானேக்கா! உனக்கு வயித்தெரிச்சல். சின்ன வயசுலேருந்தே உனக்கு என்மேல வயித்தெரிச்சல்."

"ஆமா" என்றாள் பெரியவள். "இருந்துச்சு."

சின்னவள் அக்கா கட்டில்மேல் வைத்திருந்த போனை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை திரைமேலேயே இருந்தது. பெரியவள் அந்தப் போனையும் பைக்குள், துணிக்கு அடியில் போட்டாள்.

"உன் புருஷனுக்கு வேலை போனதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இதை எழுத மாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டாள்.