பிரகதியின் வலது கால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். முத்துப்பேட்டையில் என் உம்மா இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட என்னையே ஒரு பெண் மாதக் கணக்கில் கைக்குள் போட்டு வைத்திருந்தாள் என்றால் அவள் எப்பேர்ப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரகதீஸ்வரி திருக்காட்டுப்பள்ளிக்காரி. கல்லூரிக் கபடி அணியில் பாடிப் போகிறவள். பொங்கல் மேட்சில் விழுந்து இடது முட்டியின் ஜவ்வு அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். நான் பிசியோதெரபியில் முதுகலை முடித்துவிட்டு, விளையாட்டுக் காயங்களுக்கென்றே உள்ள ரெசிடென்சி பயிற்சியில் அப்போதுதான் தஞ்சாவூரில் சேர்ந்திருந்தேன். முதல் நாளிலிருந்து என் பொறுப்பில் விடப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

"அக்கா, நான் மறுபடி ஆடுவேனா?" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"ரெண்டு காலும் சமமா வரட்டும். வந்தா ஆடலாம்" என்றேன். இந்த வாக்கியம் என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

பயிற்சி அறையில் அவள் வாய் ஓயாது. எந்தப் பயிற்சி சொன்னாலும் "முதல்ல நீங்க பண்ணிக் காட்டுங்க" என்பாள். நான் மூச்சு வாங்கிக் குந்தி எழும்போது பக்கத்தில் நின்று எண்ணுவாள். களத்துக்குத் திரும்புவதற்கான சோதனையில் பாஸானால் உம்மா செய்யும் தம்ரூட் ஒரு டப்பா தருவதாகப் பேச்சு. ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பை ஒரு முறை ருசி பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

புரட்டாசியில் சோதனை வைத்தோம். ஒற்றைக் காலால் நின்ற இடத்திலிருந்து தாண்டி அதே காலில் இறங்க வேண்டும். நல்ல கால் எவ்வளவு தூரம் போகிறதோ, அதில் பத்தில் ஒன்பது பங்காவது அடிபட்ட கால் போக வேண்டும். பிரகதியின் இரண்டு கால்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து இறங்கின. நான் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். வரும் சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நான் கையெழுத்துப் போட்டால் அவள் ஆடலாம்.

"ரொம்பக் குதிக்காத தஹ்மீனா" என்றார் எங்களுக்குப் பயிற்சி தரும் ஆனந்தவல்லி மேடம். "அவ ஆடுற மண்ணைப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடு." எங்கள் ரெசிடென்சியில் அது கட்டாயம். ஆடும் இடத்திலேயே ஆளைப் பார்க்காமல் யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது.

மறுநாள் திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே, குறுவை அறுத்த வயல்களைத் தாண்டி ஒரு திடலில் அவர்கள் பயிற்சி. திடலுக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால், தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு பனைமரத் துண்டைப் போட்டிருந்தார்கள். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த பிரகதி அதில் கடைக்குப் போகிறவள்போல் நடந்து அக்கரை போய்விட்டாள். நான் பையைக் கட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்தேன். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செருப்பு வழுக்கியது. "யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

அக்கரையில் இருந்த பிரகதி யோசிக்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்து வலது காலை உந்தி வாய்க்காலைத் தாண்டினாள். என் பக்கத்துக் கரையில் அதே வலது காலில் இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். என் செருப்பு ஒன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

"இருங்கக்கா, எடுத்துட்டு வரேன்."

"செருப்பு கிடக்கட்டும். இப்ப எந்தக் காலால தாண்டுன?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. அளந்து பார்க்க டேப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சோதனையில் தாண்டிய அளவுக்கே வலது கால் தாண்டும் என்றால் அவள் வாய்க்கால் நடுவில் விழுந்திருக்க வேண்டும்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, ரெண்டும் சமமா வந்தா ஆடலாம்னு" என்றாள் மெல்ல. "இடது காலைக் கூட்ட முடியல. அதான் வலது காலைக் குறைச்சேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "நான் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை நீ திரும்ப விழுந்திருந்தா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னைப் பாப்பேன்?" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம். அது அன்றைக்குத்தான் எனக்கே சரியாகப் புரிந்தது.

திடலில் இருந்த கோச் தியாகராசனிடம், "இன்னும் தயாராகல சார்" என்று மட்டும் சொன்னேன். அவள் செய்ததைச் சொல்லவில்லை. பிரகதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவர்கள் அணி தோற்றது. கோட்டுக்கு வெளியே அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விசில் ஊதியதும் என் தோளில் சாய்ந்து துப்பட்டா நனைய அழுதாள். "உங்க மேல இன்னும் கோவம்தான்" என்றாள், தலையை எடுக்காமலே.

அதற்குப் பிறகு அவள் செய்த பயிற்சியைப் பார்த்து நானே "போதும், வீட்டுக்குப் போ" என்று விரட்ட வேண்டியிருந்தது.

மார்கழியில் மறுபடி சோதனை. அடுத்த வாரம் இன்னொரு போட்டி. இதையும் விட்டால் இந்த வருடத்து ஆட்டம் அவளுக்கு அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் வலது கால். மூச்சை இழுத்துப் பிடித்தாள். எம்பினாள் பாருங்கள், விரிப்பைத் தாண்டி வெறுந்தரையில் போய் இறங்கினாள். மேடம் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பிறகு இடது கால். அதுவும் இதுவரை போகாத தூரம் போனது. புரட்டாசியில் வலது கால் காட்டிய பொய் அளவை எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஆனால் இன்றைய வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தால், பாஸாக நாலு விரற்கடை குறைந்தது. நான் இரண்டு முறை அளந்தேன். டேப் இரக்கப்படவில்லை.

"ஏண்டி, வலது காலை இவ்வளவு தூரமா தாண்டுவ? கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கக் கூடாதா?" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரகதி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா! ஒரு பிசியோ பேசுற பேச்சா இது?"

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். பையிலிருந்த தம்ரூட் டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இன்னும் பாஸாகலையேக்கா."

"இடது கால்தான் பாஸாகல" என்றேன். "இது வலது காலுக்கு. சாப்பிடு."