மூன்றாவது மோட்டாரில் குடியிருந்த பழுது

வேப்பங்குளத்தில் பழுதை நீக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். அந்த ஊரில் ரிப்பேர் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருவகையில் வீட்டுத் தரகர்கள். மின்விசிறியில் ஒரு கடகட சத்தம் இருந்தால் அதைக் கழற்றிக் கொண்டுபோய் வேறெங்காவது குடிவைக்க வேண்டும். ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் இப்போது இருக்கும் ஆட்டம் முன்பு பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் இருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து எழுத வேண்டுமே என்று தலைவர் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டார்.

செண்பகவல்லி அந்த ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், மிக்ஸி எதுவானாலும் அவள் கைபட்டால் ஓடும். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைமேல் தானே ஒரு ட்ரோன் கட்டினாள். நான்கு அலுமினியக் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் சின்ன மோட்டாரும் இறக்கையும், நடுவில் போர்டும் பேட்டரியும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாவது மோட்டார் மட்டும் அவ்வப்போது நின்றுவிடும். இரண்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்துவிட்டு, ஒன்றுமே தெரியாததுபோல மறுபடி சுற்றத் தொடங்கும்.

ட்ரோன் அவளுடைய அப்பாவுக்காக. அப்பா உலகநாதன் எதிர் வீட்டில்தான் இருந்தார். செண்பகவல்லி வேற்று மதத்து ஜெபசிங்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று அவர் ‘மாட்டேன்’ என்றார். அது அன்றிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் உறங்கும்போதும், மாட்டேன், மாட்டேன், மாட்டேன் என்று மாவு அரைக்கும் கிரைண்டர் போல ஒரே சீரான சத்தம். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், மாட்டேன் சத்தம் வருகிற வீட்டைத் தாண்டி இரண்டாவது சந்து என்று சொல்லி அனுப்புவார்கள். வாசல் கதவை அவர் திறப்பதே இல்லை. சாயங்காலமானால் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் பிறந்த வீட்டிலிருந்து வந்து பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப்போக வேண்டும். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா வராவிட்டால் அவளை அழைத்துப்போக ஆளே கிடையாது. செண்பகவல்லிக்கு நகை நட்டு எதிலும் ஆசையில்லை. தான் பிறந்து வளர்ந்த வீட்டில் போய்ப் படுத்துப் பிள்ளை பெற வேண்டும், அவ்வளவுதான். கதவைத் தட்டிப் பார்த்தாள். ஜெபசிங் வெற்றிலைத் தட்டோடு போய் வெயிலில் நின்றுவிட்டு வெற்றிலைத் தட்டோடு திரும்பினான். வெற்றிலை பாக்கு ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது அழைப்பு, தட்ட முடியாது. கதவு வழியாகச் சேராததை மாடி வழியாகச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் ட்ரோன் கட்டினாள்.

முதல் தடவை தெருவின் நடுவே மூன்றாவது மோட்டார் நின்றது. ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து, வெற்றிலை பாக்கைக் கீழே கொட்டிவிட்டுச் சமாளித்துத் திரும்பி வந்தது. கீழே தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மூக்கையா வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடும்பத்தோடு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். அடுத்த தடவை அது மினிபஸ் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது. கண்டக்டர் பயணிகள் சார்பில் சம்மதம் சொன்னார். அதற்கடுத்த தடவை ஏதோ ஒரு கட்சியின் கண்டன ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கோஷத்தை நிறுத்தி, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஜெபசிங் சமையல்காரரிடம் போய் அரிசியைக் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தான்.

“ஊரே வந்துரும் போலிருக்கு, செம்பா” என்றான்.

“எங்கப்பா ஒருத்தர்தான் பாக்கி” என்றாள் அவள்.

அவள் முறைப்படி தேட ஆரம்பித்தாள். மூன்றாவது மோட்டாரைக் கழற்றி முதல் கையில் மாட்டினாள். பழுது கூடப் போகவில்லை, மூன்றாவது கையிலேயே இருந்துகொண்டது. போர்டை மாற்றினாள். அதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தபோது மோட்டார் நிற்காமல் ஓடியது, ஆனால் பற்றவைக்கும் கோல் அவ்வப்போது ஆறிப்போனது. அங்கிருந்து பழுது ஒயர் பிடித்து சுவிட்ச் போர்டுக்கும், அதிலிருந்து மிக்ஸிக்கும் போய்ச் சேர்ந்தது. தேங்காய்ச் சட்னி பாதியில் நிற்கிறதே என்று ஜெபசிங் மிக்ஸியில் கைவைத்தான். நின்றிருக்கிற நேரத்தில் தொட்டதால் பழுது அவனுக்கு வந்துவிட்டது.

அன்று முழுக்க அவன் ஒரு வாக்கியத்தின் நடுவே வாயைத் திறந்தபடி நின்று, இரண்டு மூச்சு கழித்து மீதியைச் சொன்னான். ராத்திரி அவனுடைய குறட்டையும் நின்று நின்று வந்ததில் செண்பகவல்லி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அவனிடமே இருக்கட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மனிதர்களிடம் வந்த பழுதில் ஒரு வசதி உண்டு, போய் வா என்று சொன்னால் முதலில் குடியிருந்த இடத்துக்கே போய்விடும். காலையில் ஜெபசிங் மூன்றாவது மோட்டாரைக் கையில் பிடித்து அப்படிச் சொன்னான். அதுவும் கூண்டுக்குத் திரும்புகிற கோழி மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது.

வேறு இடம் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குக் கொடுக்கலாம் என்றால் தெருப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். தெருவிளக்கில் ஏற்கெனவே இரண்டு பழுதுகள் நெருக்கிக்கொண்டு இருந்தன. மூக்கையா தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் தாராளமாகத் தருவதாகச் சொன்னார். அது ஓடி வெகுகாலம் ஆயிற்று. ஓடாத பொருளில் நின்றுபோகிற பழுது எப்படித் தங்கும் என்று செண்பகவல்லி நன்றி சொல்லி மறுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பழுதோடேயே ட்ரோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தரையில் ஓடவிட்டு, ஒரு முறை நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி சுற்றத் தொடங்கியதும் ஏற்றிவிட்டாள். வெற்றிலை பாக்கோடு தன் கையிலிருந்த இரண்டு கண்ணாடி வளையல்களையும் கட்டியிருந்தாள். ட்ரோன் தெருவைத் தாண்டியது. எதிர் மாடிக்கு மேலே போய் நின்றது. அங்கே போய் மோட்டார் நின்றுவிட்டது. ட்ரோன் நேராக உலகநாதனின் மடியில் விழுந்தது. அவர் விழாமல் பிடித்த பிடியில் மூன்றாவது மோட்டார் உள்ளங்கைக்குள் இருந்தது.

மாட்டேன் நின்றது.

தெரு முழுக்கச் சத்தமே இல்லை. மூக்கையா தேய்ப்புப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலே பார்த்தார். உலகநாதன் மகளை, அவள் வயிற்றை, மறுபடி மகளைப் பார்த்தார்.

“ஏட்டி, நல்லாச் சாப்பிடுதியா?”

அவள் பதில் சொல்வதற்குள் மாட்டேன் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

செண்பகவல்லி பேசாமல் இருந்திருக்கலாம். விழுந்தது விழுந்ததுதான், வெற்றிலையும் சேர்ந்தாகிவிட்டது. ஆனால் கேட்காமல் ஒருவர் தலையில் பழுதைக் கட்டுவது அவள் தொழிலில் கிடையாது. அப்பா தன்னிடம் பேசிக் கேட்டதில் அவளுக்குச் சந்தோஷம்தான். இதைச் சொன்னால் அந்தக் குரல் இனி இல்லை என்று ஆகிவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தடவை நிற்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

“அப்பா, அது எங்க மோட்டார் பழுது. தெரியாம உங்ககிட்ட வந்துட்டு. மோட்டாரப் புடிச்சிக்கிட்டு போயிட்டு வான்னு சொன்னீங்கன்னா இங்க வந்துரும்.”

உலகநாதன் மூன்றாவது மோட்டாரைக் கையில் எடுத்தார். மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செண்பகவல்லி கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன் நின்றதும் அவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

“இத்தன வருசமா ஓடுது. எனக்கு நிறுத்தத் தெரியல. இந்தப் பழுது எங்கிட்டயே கெடக்கட்டும்.”

செண்பகவல்லி அழுதாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் வயிற்றுப் பிள்ளை ஓர் உதை விட்டது. ஜெபசிங் கீழே ஓடிப்போய் மூக்கையாவைக் கட்டிப்பிடித்து, அவருடைய அன்றைய துணிகளில் பாதியைக் கசக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மினிபஸ் பயணிகள் சீட்டு வரிசைப்படி பந்தியில் உட்கார்ந்தார்கள். ஊர்வலக்காரர்கள் கொடிகளைச் சுவரில் சாத்திவிட்டுச் சாம்பார் பரிமாறினார்கள். பழுது போய் லேசான ட்ரோன் பந்தலுக்கு மேலே நின்று நிதானமாகப் பூத்தூவியது. உலகநாதன் வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றார். மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வளையலாக எடுத்துக் கொடுக்க, மூக்கையாவின் மனைவி போட்டுவிட்டாள். நடுவில் ஒருமுறை நின்றபோது, மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா என்று கேட்டார். ஜெபசிங் இலையிலிருந்து எழுந்து நின்று, ஆச்சு மாமா என்றான்.

சாப்பாடு முடிந்து, அழைத்துப்போகும் நேரம் வந்தது. அழைத்துப்போக ஆள் மட்டுமல்ல, அந்த எதிர் வீடே எழுந்து, தெருவைக் கடந்து வந்து, கதவைத் திறந்துகொண்டு பந்தல் வாசலில் நின்றது. செண்பகவல்லி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். வீடு திரும்பிப் போக வழி வேண்டுமே என்று மூக்கையா தன் தள்ளுவண்டியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக்கொண்டார்.