பிஸ்கட்டை நடக்க வைத்த பகல்

டெல்பர்ட் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். சாதித்துவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் அந்த நாலாவது காலை நினைத்துப் புழுங்குவார். ஒரே மகள் ஜானெல் இரண்டு பிள்ளைகளோடு விவாகரத்தான ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது அப்படித்தான் நடந்தது. கல்யாணத்தன்று காலையில் குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு இந்தக் காட்டு முகாமுக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்துவிட்டார். மனைவி மார்வா தனியாகக் கல்யாணத்துக்குப் போனாள். அது நடந்து ஆறு வருஷம். ஜானெல் அம்மாவோடு மட்டும் பேசுவாள்.

போன மாதம் அம்மாவிடம் அவளாகவே கேட்டிருக்கிறாள், "பிஸ்கட் எப்படி இருக்கான்?" என்று. பிஸ்கட் அவள் பத்து வயதில் ஏறிப் பழகிய செம்பழுப்புக் குதிரை. இப்போது அதற்கு இருபத்தேழு. "முகாமுக்குக் கூட்டிட்டுப் போறோம். சனிக்கிழமை வந்து பாரேன்" என்றாள் மார்வா. வருகிறேன் என்றாள் மகள். "அவனைப் பாக்கத்தான் வர்றேன், அப்பாகிட்டயும் சொல்லிடும்மா" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

டெல்பர்ட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. குதிரையைப் பார்க்க வருகிறவள் குதிரையின் கயிற்றைப் பிடித்திருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசாமலா போவாள்?

காட்டுக்குள் களை விதை இல்லாத புல்தான் கொண்டுபோகலாம். அப்படி என்று அத்தாட்சிச் சீட்டுக் கட்டிய புல்கட்டு வேண்டும். பத்து நாள் முன்பே அதை வாங்கி, வீட்டுப் புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். மார்வா இரண்டு முறை சொன்னாள். இவர் குளம்புக்கு எண்ணெய் பூசுவதிலும் பிடரியைச் சீவுவதிலும் நாளைக் கழித்துவிட்டு, வரும் வழியில்தான் புல்கட்டை வாங்கினார். நல்ல பச்சைக் குதிரைமசால் புல். மகள் வரும்போது விலா எலும்பு தெரியக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பங்குக்கு மூன்று பங்காக அள்ளிப் போட்டார். கிழட்டு வயிறு, புதுத் தீனி. பிஸ்கட்டும் மரியாதையாக எல்லாவற்றையும் தின்று தீர்த்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அது முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. டெல்பர்ட் விலாவில் காதை வைத்தார். கடமுடவென்று ஓட வேண்டிய குடல் கப்சிப்பென்று கிடந்தது.

"மூணு பங்கா போட்டீங்க?" என்றாள் மார்வா.

"கொஞ்சம்தான் போட்டேன்."

"உங்க கொஞ்சம் எனக்குத் தெரியாதா? சோறு பொங்கி வச்சு வரவேற்க அவன் என்ன மாப்பிள்ளையா? வந்த மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தா புண்ணியமா போயிருக்கும்."

முகாமில் இவர்களைத் தவிர ஒரே ஒரு ஆள்தான், இரண்டு கோவேறு கழுதைகளோடு வந்திருந்த ஆரின். அங்கே போன் எடுக்காது. மேட்டுப் பாதையில் பத்து மைல் வண்டியை ஓட்டிப் போய்க் கால்நடை டாக்டரிடம் பேசிவிட்டு வந்தது அவர்தான்.

"டாக்டர் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குல இருக்காராம். ராத்திரிதான் வர முடியும். இந்த வயசுல குடலை அறுத்துப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டார். வலி மருந்து குடுங்க, நடக்க விடுங்க. ஈறைப் பாத்துக்கிட்டே இருங்க. ஊதா நிறமா மாறிடுச்சுன்னா காத்திருக்காதீங்க, அப்பவே சுட்டு முடிச்சுடுங்கன்னார்." ஆரின் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "சொல்லச் சொன்னார், சொல்லிட்டேன்."

மருந்து கொடுத்தார்கள். நடத்தினார்கள். கணவனும் மனைவியும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்து, நாலு பைன் மரங்களைச் சுற்றி, சுற்றிச் சுற்றி வந்தார்கள். அது படுத்து உருளப் பார்க்கும்போதெல்லாம் டெல்பர்ட் இழுத்து நிறுத்தினார்.

பத்து மணிக்கு உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஊதாவாக இருந்தது.

உதட்டை விட்டுவிட்டார். ஜானெல் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஆறு மணி நேரம். ஆறு வருஷம் பொறுத்தாயிற்று, ஆறு மணி நேரம் இந்தப் பிராணி பொறுக்காதா என்று நினைத்தார். நினைத்ததுமே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கயிற்றை இழுத்தார்.

"ஈறு எப்படியிருக்கு?" என்று மார்வா அடுப்பின் பக்கமிருந்து கேட்டாள். மகளுக்குப் பிடித்த பீச் பழப் பணியாரம் கனத்த இரும்புச் சட்டியில் வெந்துகொண்டிருந்தது.

"பரவால்ல, அப்படியேதான் இருக்கு."

அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அவர் சொன்னதை நம்பினாள். பகலுக்குள் இன்னும் மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் அதையே சொன்னார். ஆரின் மட்டும் ஒரு முறை பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இது நடந்து தீர்ற வியாதி இல்ல, டெல்பர்ட்" என்றார். டெல்பர்ட் கயிற்றை இழுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு நகர்ந்ததும் தன் கூடாரத்துக்குப் போய்விட்டார். பிஸ்கட் முனகியது. குதிரை முனகுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது நெஞ்சுக்குள் யாரோ மரம் அறுப்பதைப் போல இருக்கும். இரண்டு மணிக்கு மேல் அது உருளக்கூடப் பார்க்கவில்லை. இழுத்தால் நடந்தது, விட்டால் நின்றது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜானெல் வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவள் அம்மாவைக்கூடப் பார்க்காமல் நேராகக் குதிரையிடம் போனாள். அவளைக் கண்டால் அது கனைக்கும் என்று டெல்பர்ட் நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். பிஸ்கட் தலையைத் தூக்கவில்லை. யார் வந்தால் அதற்கென்ன?

"டேய் கெழவா" என்று அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். பிறகு உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தான்மா. மத்தியானத்துக்கு மேல" என்றார் டெல்பர்ட். ஆறு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். மரங்களைச் சுற்றி வட்டமாக ஒரு தடம், கணுக்கால் ஆழத்துக்குப் புழுதியாய் மிதிபட்டுக் கிடந்தது. வேர்களில் பட்டை உரிந்திருந்தது.

"இது மத்தியானத்துக்கு மேல போட்ட தடமாப்பா? என்கிட்டயா இந்தக் கதை?"

அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"ஈறு எப்ப இப்படி ஆச்சு?"

"பத்து மணிக்கு."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னார்?"

அதையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ வர்றியேன்னுதான்... உயிரோட ஒரு தடவை நீ பாக்கணுமேன்னு..." என்று இழுத்தார்.

"என் மேல போடாதீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நான் இவனைப் பாக்க வந்தேன். நீங்க என்னைப் பாக்கறதுக்கு இவனைப் பிடிச்சு வச்சிருக்கீங்க. துப்பாக்கி எங்க இருக்கு?"

"நான் பண்றேன். அது உன் வேலை இல்லம்மா."

"வேணாம். போதும், இனிமே இவனை நீங்க தொட வேணாம்."

கயிற்றைக் கேட்டாள். கொடுத்தார். ஒரு பகல் முழுக்கப் பிடித்து விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. விரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. டிரெய்லரில் இருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவள் குதிரையை முகாமை ஒட்டிய ஓடையைவிட்டுத் தள்ளி, பாறைக்கு அந்தப் பக்கம் மெல்லக் கூட்டிப் போனாள். அங்கே எதையோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு ஒரே வெடி.

திரும்பி வந்து அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போடி" என்றாள் மார்வா. "முடியலம்மா" என்றாள். வண்டி கிளம்பிப் போனது. டெல்பர்ட் பக்கம் ஒரு வசவுகூட வரவில்லை. வசவாவது கிடைத்திருந்தால் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

பிணத்தை இருட்டுவதற்குள் முகாமைவிட்டுத் தூரமாக இழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கரடி வரும். டெல்பர்ட் டிரெய்லரிலிருந்து சங்கிலியை எடுத்துக்கொண்டு நடந்தார். மார்வா வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பத்து மணிக்கா?" என்றாள்.

"ம்."

"நாலு தடவை கேட்டேன். நானும்தானேங்க அவனை இழுத்துட்டு நடந்தேன். இன்னைக்குத் தேறிடுவான், தேறிடுவான்னு அவன் காதுல சொல்லிக்கிட்டே நடந்தேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மார்வா காத்திருக்கவில்லை. அவர் கையிலிருந்து சங்கிலியை வாங்கிக்கொண்டு, கோவேறு கழுதைகளை இரவல் கேட்க ஆரினின் கூடாரத்தைப் பார்த்து நடந்தாள். டெல்பர்ட் பின்னாலேயே நாலடி போனார்.

"நீங்க வராதீங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.