என் நெஞ்சில் வைத்த புள்ளி

கல்லூரி முதலுதவி வகுப்பில் பொம்மை பழுதானதால் என்னைப் படுக்க வைத்தார்கள். எலும்பெல்லாம் வெளியே தெரியும் உடம்பு என்பதே என் தகுதி. நடுநெஞ்சில் பேனாவால் புள்ளி வைத்து, "இங்கதான் அழுத்தணும்" என்றார்கள். எல்லோரும் புள்ளியைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இன்று செங்கம் சாலையில் டீக்கடை அப்சல் பாய் டீ ஆற்றும்போதே சரிந்தார். மூச்சில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அவருக்கோ எலும்பே தென்படாத உடம்பு. மண்டியிட்டவன், என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன்.

"டேய், மூச்சு நின்னது அவருக்கு. நீ ஏன்டா காத்து வாங்குற?" என்றார் ஆட்டோ கோபியண்ணன்.

"ஆதவா, அத்தாவப் பாருடா!" என்று அழுதாள் அவர் மகள் ஜீனத்.

"இதயம் இடது பக்கம் தம்பி, தள்ளி வை" என்றது கூட்டம்.

என் நெஞ்சைத் தடவிப் புள்ளி இருந்த எலும்பைக் கண்டுபிடித்தேன். அவர் நெஞ்சிலும் அதே இடத்தில், நடு எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் மறுகை வைத்து அழுத்தினேன். ஏதோ முறிந்தது. ஜீனத் அலறினாள். பயத்திலேயே தொடர்ந்தேன்.

ஆம்புலன்ஸ் ஊழியர் வந்து குனிந்தார். "எடம் சரி. நிறுத்தாத" என்றபடி இயந்திரத்தைப் பொருத்தினார். மின்னதிர்ச்சி கொடுத்த பிறகு, "நாடி வந்துடுச்சு" என்றார்.

வண்டி கிளம்பியது. என் சட்டை இன்னும் திறந்தே கிடந்தது. கோபியண்ணன்தான் பொத்தான்களைப் போட்டுவிட்டார்.