இருவர் புல் வெட்டிய வீடு

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது ஒரு புல்தரையைப் பார்த்தபோது. பாதி குட்டையாகவும் பாதி நெட்டையாகவும் வெட்டியிருந்த புல்தரை.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், உள்ளூர்க்காரர் கதை ஒன்றைப் போடும். இந்த ஆண்டு ஆசிரியர் என்னைக் கேட்டார். பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் வேதியியல் பட்டதாரியை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. மறுத்துப் பேச வெட்கமாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். பத்திரிகை புதன்கிழமை காலையில் வரும். நூலகத்திலும் டோனட் கடையிலும் இலவசமாகக் கிடக்கும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

இந்தியானாவின் சோள வயல்கள் மீது சூரியன் தன் பொற்கரங்களை

அக்கா அதைப் படித்துவிட்டு, "சூரியனுக்கு எதுக்குடி கையும் காலும்? வீட்டப் பத்தி எழுது" என்றாள். நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: என் அக்கா ஒரு வீட்டை வாங்கினாள், ஆனால் அது அவளுடையது இல்லை.

இது உண்மை. இதிலிருந்தே போகிறேன்.

2.

எங்கள் மாவட்டத்தில் வீட்டு வரி கட்டாமல் விட்டால் அந்த வீட்டை ஏலம் போடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் பாக்கியைக் கட்டிவிட்டு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் பழைய சொந்தக்காரர் வந்து பாக்கியையும் வட்டியையும் கட்டினால் வீடு அவருக்கே போய்விடும்; ஏலம் எடுத்தவருக்கு அவர் போட்ட பணமும் வட்டியும் மட்டும். வராவிட்டால் வீடு ஏலம் எடுத்தவருக்கு.

அந்த ஓராண்டுதான் இந்தக் கதை.

அக்காவுக்கு மார்லிஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். (பெயர்களை மாற்றிவிட்டேன். "மார்லிஸா? அது பல்செட் வெச்சவங்க பேரு. வெரோனிக்கான்னு போடு" என்றாள். போடவில்லை.) வயது நாற்பத்தொன்று. முடிதிருத்தகம் ஒன்றில் நாற்காலியை வாடகைக்கு எடுத்து முடி வெட்டுகிறாள். இருபது ஆண்டு நின்றபடியே வேலை பார்த்ததில் காலில் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டன. ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது உட்காரலாம் என்பது அவள் கணக்கு. அவளுக்கு வேறு பேராசை எதுவும் இல்லை. உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அவள் எடுத்த வீடு மாடியில்லாதது, இரண்டு படுக்கையறை, வெள்ளைப் பலகைச் சுவர். பின்னால் ஒரு பெர்சிமன் பழ மரம். வீட்டில் யாரும் இல்லை.

3.

ஏலத்துக்கு வழக்கமாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: கெடு முடியும்வரை ஓர் ஆணிகூட அடிக்காதே. அடுத்தவன் வீட்டுக்கு நீ செலவு செய்தால் அந்தக் காசு திரும்பாது.

அக்கா ஆணி அடிக்கவில்லை. புல் மட்டும் வெட்டினாள். புல் வளர்ந்தால் நகராட்சி அபராதம் போடும் என்றாள். பிறகு வாசல் படியில் ஒரு பலகை உளுத்திருந்ததைப் பார்த்தாள்.

"யாராவது காலை ஒடிச்சுக்குவாங்கடி."

"யாரு? அங்கதான் யாருமே இல்லயே."

"நீ இருக்கியே. சுத்தியல எடு."

ஜூலைக்குள் படிகள் மூன்றும் புதிதாகிவிட்டன.* வீடு அவளிடம் நன்றாக நடந்துகொண்டது என்பது அவள் நம்பிக்கை. கூரை ஓரத்தில் ஒழுகிய மழைநீர்த் தகரம் ஒருநாள் தானாக நிமிர்ந்திருந்தது. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வந்திருந்தது. "ராசியான வீடு," என்றாள்.

தகரம் தானாக நிமிராது என்று நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

* நானும் ஆணி அடித்தேன். நான்கு வளைந்துவிட்டன. அந்த நான்கும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

4.

ஆகஸ்டில் நான் புல்லைக் கவனித்தேன். எங்கள் இயந்திரம் இரண்டு அங்குலத்தில் வெட்டும். கொல்லைப்புறத்துப் புல் மூன்று அங்குலத்தில் இருந்தது. சக்கரத் தடமும் அகலம். ஆக, வேறு யாரோ வருகிறார்கள்.

[இங்கே ஒரு வில்லனைக் கொண்டுவர நினைத்தேன். கறுப்புக் கண்ணாடி, பெரிய வண்டி, நகரத்திலிருந்து வீடுகளைக் கொத்துக் கொத்தாக வாங்குகிறவன். ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். அவன் ஏன் புல் வெட்டுவான் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அடித்துவிட்டேன்.]

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நாங்கள் முன்பக்கம் வெட்டிக்கொண்டு போய் மூலையில் திரும்பினோம். பின்பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு இயந்திரம் வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவந்தவருக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிச் சமையலறைத் தொப்பி. டெல்பர்ட் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"நீங்கதானா அது?" என்றார் அவர். "படியெல்லாம் போட்டது? நான் சர்ச்சுப் பசங்கன்னு நெனச்சு அவங்களுக்கு ரெண்டு தட்டு கோழி வறுத்துக் குடுத்தேனே!"

"பக்கத்துத் தெருதான் அண்ணே. பாக்க அசிங்கமா இருந்துச்சு. அதான்..." என்றாள் அக்கா.

இது பொய். எங்கள் தெரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

"நல்லா இருப்பீங்க தங்கச்சி. இது எங்கம்மா வீடு. அவங்க போனப்புறம் தம்பி வரி கட்டுவான்னு நான் இருந்தேன். நான் கட்டுவேன்னு அவன் இருந்தான். ரெண்டு பேரும் நல்லா இருந்தோம். வீடு ஏலத்துல போயிடுச்சு. எவளோ ஒருத்தி எடுத்திருக்காளாம். என்ன ஜென்மமோ!"

"கெட்டவளாத்தான் இருக்கணும்னு இல்லயே அண்ணே," என்றாள் கெட்டவள்.

நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருந்தா என்ன? என் படக வித்துட்டேன். பணம் ரெடி. நாங்க இருக்கறது மாடில. ஒரீனுக்கு முட்டி போயிடுச்சு, படி ஏற முடியல. இங்க வந்துட்டா அவளுக்கு மூணே படி. நீங்க போட்ட படி."

(ஒரீன் அவருடைய மனைவி. இந்தக் கதையில் கால்கள் அதிகமாகிவிட்டன. நான் திட்டமிடவில்லை.)

"எப்பண்ணே கட்டப் போறீங்க?" என்று அக்கா கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது.

"நவம்பர் பத்து. அன்னிக்கு எப்படியும் வரி கட்டப் போகணும்ல? இதையும் சேத்துக் கட்டிட வேண்டியதுதான். அதானே கடைசி நாளு?"

நவம்பர் பத்து இலையுதிர் கால வரிக்குக் கடைசி நாள். ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான தேதி அதுதான். வீட்டை மீட்கும் கெடு வேறு. அது ஏலம் நடந்த நாளிலிருந்து எண்ணுவது, அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதைச் சொல்லும் பதிவுத் தபாலை அக்கா முறைப்படி அனுப்பிவிட்டாள். அது போனது காலி வீட்டு முகவரிக்கு.

அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் எப்போதுமே எதுவும் சொல்வதில்லை, ஆகவே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அவர் ஒரு காகிதப் பை நிறைய பெர்சிமன் பழம் கொடுத்தார். "நாலு நாள் வெச்சுச் சாப்பிடுங்க. அவசரப்பட்டா நாக்க இழுத்துரும்."

5.

வண்டியில்:

"நீ வாயத் தொறக்கக் கூடாது," என்றாள் அக்கா.

"நான் எப்பத் தொறந்திருக்கேன்?"

"தெரியும். இருந்தாலும் சொல்றேன். நான் ஏமாத்தல. தபால் போட்டாச்சு. சட்டம் சொன்னதச் செஞ்சாச்சு."

"ஆமா."

"ஆமான்னு அப்படிச் சொல்லாத."

"எப்படி?"

"ஆய்வுக்கூடத்துல பால் கெட்டுப்போச்சுன்னு சொல்ற மாதிரி."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்தேன். அவள் காலையும் நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பாள்.

6.

இதற்கு மேல் கதை நகரவில்லை. எழுதிப் பார்த்த முடிவுகள்:

அக்காவும் டெல்பர்ட்டும் காதலித்துத் திருமணம் செய்துகொள்கிறார்கள், வீடு இருவருக்கும். (ஒரீன் இருக்கிறார். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார். அக்காவும் படித்துவிட்டு, "என்னைக் கட்டிக் குடுத்தீன்னா, உன் தலைய மொட்டையடிச்சுருவேன். அதுதான் என் தொழிலு" என்றாள்.)

பெர்சிமன் மரம் வீட்டின் மேல் விழுந்து எல்லாப் பிரச்சினையும் (மரம் நன்றாக இருக்கிறது.)

நவம்பர் பத்தாம் தேதி. டெல்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தின்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று முறை உட்கார்ந்தேன். அலுவலகத்துக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முடியவில்லை.

கதாபாத்திரத்தின் மேல் எழுதுகிறவருக்கு இரக்கம் வரக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது கதாபாத்திரம் கொடுத்த பழத்தைத் தின்னாதவர்கள் சொன்னதாக இருக்கும்.

7.

போன வாரம் அக்கா வரைவை முடிதிருத்தகத்துக்கு எடுத்துப்போனாள். வாடிக்கையாளரின் தலை காயும் நேரத்தில் படித்திருக்கிறாள். அதில் நான் "கெடு அக்டோபரில் ஒருநாள் முடிகிறது" என்று மட்டும் எழுதியிருந்தேன். சத்தியம் சத்தியம்தானே.

இரவு தாளை மேசையில் போட்டாள். "இது என்ன, 'ஒருநாள்'? எந்த நாள்?"

"கதைல அது வேணாம்னு..."

"படிக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா? படிச்ச பொண்ணு இப்படி அரைகுறையா எழுதுவியா?"

பென்சிலால் அவளே எழுதினாள்: பதினாறு, வியாழன்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழித்துவிடுவாளோ என்று பயம். தாளை இழுத்து "மாலை நான்கு மணி" என்று சேர்த்தேன்.

"நாலு இல்லடி, மூணரை. கட்டடத்தத்தான் நாலுக்கு மூடுவாங்க. பணம் கட்டுற ஜன்னல மூணரைக்கே சாத்திடுவாங்க. தப்பா போட்டா ஆள் போய் ஏமாந்து நிக்கப் போறாரு."

"யாரு?"

அக்கா அடுப்பைத் திறந்து பார்த்தாள். கடைசிப் பழங்களில் புட்டிங் வேகும் வாசனை.

"அக்கா, அப்புறம் உன் கால்?"

"அடுத்த ஏலம் இருக்கு. வட்டியும் வருது." அடுப்பை மூடிவிட்டு, "ஆனா அந்தப் படி நல்லா வந்துச்சு, இல்ல?" என்றாள்.

"நல்லா வந்துச்சு."

"நாலு ஆணியத் தவிர."

8.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அது என்னிடம் இல்லை. இதைப் படிக்கும் பலரிடமும் இல்லை. அவர்கள் பக்கத்தைத் திருப்பி டயர் விளம்பரத்துக்குப் போகலாம்.

ஒருவரிடம் இருக்கிறது. அவர் புதன்கிழமைகளில் பள்ளிச் சமையல் முடிந்ததும் டோனட் கடையில் உட்கார்ந்து இந்தப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, டயர் விளம்பரம் உட்பட, படிப்பவர். அவருக்கு டெல்பர்ட் என்ற பெயர் பிடிக்காது. மன்னிக்கவும் அண்ணே. எல்லாப் பெயரையும் மாற்றினேன். தேதியை மாற்றவில்லை.

இன்று புதன். நாளை வியாழன்.

பணம் கட்டும் ஜன்னல் மாடியில் இல்லை, தரைத்தளத்தில்தான். சாய்வுப் பாதையும் இருக்கிறது. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம். இந்த வரியை அக்கா சேர்க்கச் சொன்னாள்.