பேசினால் தோல்வி

என் மனைவி பிள்ளைகளோடு வாரச் சாமான் வாங்கப் போனால் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். வாங்க வேண்டியதையெல்லாம் படமாக வரைந்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிடுவாள். எந்த உருளைக்கிழங்குக்கு மாமாவின் மூக்கு, எந்த முட்டை கோபமாக இருக்கிறது என்று கடை முழுக்க ஆராய்ச்சி நடக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடப் போனவனுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும்.

அவளுக்கு வேலை நேரம் மாறியதில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் வாரம் பெரியவள் நூறு கேள்வி கேட்டாள். ஆறு வயதுதான், வீட்டில் வாயாடி என்றே பெயர். நாலு வயதுச் சின்னவன் பிஸ்கட் அலமாரிக்கு முன்னால் தரையில் விழுந்து புரண்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். கடைக்குள் நுழைந்ததிலிருந்து பில் போட்டு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் தோல்வி, ஜெயித்தால் சாக்லேட். இரண்டு பேரும் உதட்டை மடித்துக்கொண்டு, அம்மா வரைந்த தாளைப் பார்த்துப் பார்த்துச் சாமான் எடுத்தார்கள். இருபத்தைந்தே நிமிடம். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள், இவ்வளவு அடக்கமான பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்க முடியாமல், "ஆட்டம் முடிஞ்சுது, பேசலாம்" என்றேன். இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. இன்னும் பில்லே போடவில்லையே, ஏமாந்தீர்களா என்று சிரித்தேன். சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் விதியை இறுக்கினேன். போன தடவை கையை ஆட்டி ஊமை நாடகமே நடத்தியிருந்தார்கள். அதனால் இனி சைகையும் கூடாது, விரல் நீட்டினாலும் தோல்வி.

அன்று சோப்பு எடுத்துவிட்டுத் திரும்பினேன். பெரியவள் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றாள். சின்னவனைக் காணோம்.

முதலில் கோபம்தான் வந்தது. தம்பி எங்கே என்று அதட்டினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிஸ்கட் பக்கம் ஓடினேன், இல்லை. வாசலுக்கு ஓடினேன். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நீலச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன், எங்கிருந்தாலும் குரல் கொடு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் நான் முதலில் சொல்வதே, சத்தம் போட்டுக்கொண்டே இருங்கள் என்பதுதான். என் பிள்ளைக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது உறைத்ததும் பெரியவளிடம் திரும்பி ஓடினேன்.

அவள் முன்னால் மண்டியிட்டேன். "ஆட்டம் முடிஞ்சுதும்மா. தம்பி எங்க போனான், சொல்லு."

போன வாரம் நான் சொன்ன அதே வார்த்தை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் கண் கடையின் பின்பக்கம் போனது. மறுபடியும் என்னிடம் வந்து, மறுபடியும் பின்பக்கம் போனது.

"அங்க என்ன பார்வை? என்னைப் பாத்துச் சொல்லு." தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் அலறினாள். காய்கறி அடுக்குகிறவள் அடுத்த கூடையை எடுக்கக் குளிர் அறையைத் திறந்திருக்கிறாள். உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவே இவன் நிற்கிறான், கையில் ஒரு கேரட். அவன் தாளில் இருந்தது கேரட் படம். அலமாரியில் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கேட்கக் கூடாது என்பதால், கூடை எடுக்கப் போனவளின் பின்னாலேயே போயிருக்கிறான். அவள் கவனிக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டாள். உள்ளிருந்து திறக்கும் பிடி அவனுக்கு எட்டாத உயரம். கிட்டத்தட்ட கால் மணி நேரம். கதவைக்கூடத் தட்டவில்லை.

வாரி எடுத்தேன். ஜில்லிட்டுப்போயிருந்தான். உதடு கறுத்திருந்தது, உடம்பு உதறியது, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

"முடிஞ்சுதுடா கண்ணா, பேசு. அழுடா, அப்பாதான சொல்றேன்."

உதட்டை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டான். என் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி அக்காவைத் தேடினான். அவள் பக்கத்தில் வந்து, என் முகத்தை எட்டிப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் ஒழுக நின்றுகொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"பேசலாம்டா," என்றாள். "அப்பா நெஜமாவே அழறாரு."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். கடை முழுக்கக் கேட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, அக்காவிடம் போகக் கையை நீட்டினான். இறக்கிவிட்டேன்.