இருபத்தேழு பேரின் மௌனம்

எங்கள் நாட்டின் வெளியுறவுக் கொள்கையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பயப்பட வேண்டும், ஆனால் கோப்பில் போட்டுப் பயப்பட வேண்டும். எஸ்டோனியாவில் மொத்தமே பதிமூன்று லட்சம் பேர். கிழக்கே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஒரு நகரத்தில் காலையில் மெட்ரோ ஏறுகிற கூட்டம். அதனால் நாங்கள் வெளியுறவில் செய்வது முக்கியமாக ஒன்றுதான். எங்கள் கண்டத்துக் கூட்டமைப்பின் மற்ற இருபத்தாறு நாடுகளோடு உடம்பு ஒட்டி நிற்போம், பனிக்காலத்து ஆடுகளைப் போல.

ஜூன் இருபத்துநான்கு, யானி நாள், கோடை நடுவில் வரும் எங்கள் பெரிய திருவிழா. அதற்கு முந்தின மாலையே தலைநகர் தாலினில் இருக்கிற அத்தனை பேரும் காரில் உருளைக்கிழங்கு சாலட்டை ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போய்விடுவார்கள். மழை பெய்யும். மழையிலேயே நெருப்பு மூட்டி விடிய விடியப் பீர் குடித்துப் பாடுவார்கள். மறுநாள் நாடு தூங்கும். அந்த ஒருநாள் வெளியுறவு அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்க, யார் கடைசியாக வேலையில் சேர்ந்தாரோ அவரைப் போடுவது வழக்கம். நான் சேர்ந்து எட்டு மாதம். பெயர் ரோமெட், வயது இருபத்துநான்கு. எனக்குக் கொடுத்த எழுத்துப்பூர்வமான அறிவுரை: "எதுவும் நடக்காது."

காலை ஒன்பது பத்துக்கு மின்னஞ்சல் வந்தது. இருபத்தேழு நாடுகளின் கூட்டறிக்கை, இறுதி வரைவு. பதினோராம் பத்தியில் போன வாரம் ஒரு வாக்கியம் இருந்தது: ஒரு நாட்டின் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்துவது அனைத்து நாடுகளுக்கும் எதிரான செயலாகக் கருதப்படும். அதை அங்கே வைக்க எங்கள் ஆட்கள் ஏழு மாதம் பாடுபட்டார்கள். இப்போது அது அங்கே இல்லை. அதற்குப் பதில், "கடலின் நிலையைக் கவலையுடன் கவனித்து வருகிறோம்" என்று இருந்தது. மீன் வியாபாரிகள் சங்கம்கூட அதைச் சொல்லும்.

கீழே வழக்கமான குறிப்பு. எங்கள் நேரப்படி மதியம் ஒரு மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் வரைவு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மௌனம் சம்மதம் என்று ஒரு கல்யாணத்தை முடிவு செய்வதே ஆபத்து. நாங்கள் ஒரு கண்டத்தையே அப்படித்தான் நடத்துகிறோம்.

மறுக்க நினைக்கும் நாடு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். ஆனால் அதை எழுதத் துறைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். சின்ன நாட்டுக்கு மறுப்பு என்பது சோப்புக்கட்டி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும், வருடத்துக்கு ஒரு கட்டிதான். கேட்காமல் தேய்த்த ஒருவர் எங்கள் துறையில் இருந்தார். இப்போது அவர் இருக்கும் ஊரை நாங்களே வரைபடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் என் பயத்தில் பாதிதான். மீதிப் பாதி பின்லாந்து வளைகுடாவில், ஒரு ரோந்துப் படகில் இருந்தது. என் அண்ணன் தானெல் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான்: "கொடி தெரியாத கிழட்டு எண்ணெய்க் கப்பல் ஒண்ணு. நங்கூரம் இறக்கிட்டு நிக்கிறான். நமக்குக் கரண்ட் வர்ற கேபிள் ஆறு மைல்ல. நாங்களும் நிக்கிறோம்." அந்த வாக்கியம் இருந்தால் அவன் படகுக்குப் பின்னால் இருபத்தேழு நாடுகள். இல்லாவிட்டால் படகில் ஒன்பது பேரும் ஒரு காபி மெஷினும்.

துறைத் தலைவர் ஹெய்க்கியைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை அவர் மனைவி எடுத்தார்.

"யாரு?"

"ரோமெட். ஆபீஸ்லேர்ந்து. ஹெய்க்கி இருக்காரா?"

"இருக்காரு. ஆனா இல்ல."

"புரியலங்க."

"ஆறு மணி வரைக்கும் நெருப்புகிட்ட நின்னு பாடினாரு. இப்ப வைக்கோல்ல படுத்திருக்காரு. தொட்டுப் பாத்தேன், சூடு இருக்கு. உயிரோடதான் இருக்காரு."

"கொஞ்சம் எழுப்ப முடியுமா? நாட்டு விஷயம்."

"தம்பி, நாடே படுத்திருக்கு."

இருந்தாலும் நல்ல பெண்மணி. போனை அவர் காதில் வைத்தார். நான் பதினோராம் பத்தி, வாக்கியம், கப்பல், ஒரு மணி எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் மூச்சு கேட்டது. பேச்சு இல்லை.

இங்கே வெளியூர்க்காரர் யாராவது இருந்திருந்தால் அப்போதே போனை வைத்திருப்பார். எங்கள் ஊரில் ஒரு மேலதிகாரி பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். ஹெய்க்கி ஒருமுறை ஒரு தூதருக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். அதை நாங்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. நான் நான்கு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தேன். ஐந்தாவது நிமிடம் குறட்டை வந்தது.

துணைத் தலைவர் எடுக்கவில்லை. அமைச்சரின் ஆலோசகர் எடுக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் தலைமையகத்தில் இருக்கும் எங்கள் ஆட்கள் யானி நாளுக்காக ஊருக்கு வந்திருந்தார்கள், அவர்களும் எடுக்கவில்லை. மணி பதினொன்றே முக்கால். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அப்போதுதான் தெற்கே இருக்கும் லாத்வியா ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் அதே கடல், அதே பயம். அதன் தலைநகர் ரீகாவில் என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருந்த இல்ஸே முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நீங்க எப்ப மறுக்கப் போறீங்க?" என்றேன்.

"நாங்களா? நீங்க மறுப்பீங்கன்னுதான் நான் காலைலேர்ந்து காத்துட்டிருக்கேன். எங்க கோப்புல எழுதியே இருக்கு, 'இதை எஸ்டோனியா பார்த்துக்கொள்ளும்'னு."

நான் எங்கள் கோப்பைப் புரட்டினேன். "எங்களதுல 'லாத்வியா பார்த்துக்கொள்ளும்'னு இருக்கு."

மறுமுனையில் அவளும் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"லித்துவேனியா?" என்றேன்.

"கூப்பிட்டேனே. 'அதான் நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே'ன்னு சொல்லி வச்சிட்டான். பின்னாடி அக்கார்டியன் சத்தம்."

மூன்று நாடுகளுக்கும் ஒரே நாளில் நெருப்பு. ஒவ்வொரு நாடும் மற்ற இரண்டில் ஒன்றாவது தெளிவாக இருக்கும் என்று நம்பிக் குடித்திருக்கிறது.

"இல்ஸே, நீ அனுப்பிடேன்."

"எனக்கு மூணு கையெழுத்து வேணும். மூணு பேரும் ஏரில மிதக்கறாங்க. நீதான் ஒரு அட்டையைச் சொருகி அனுப்பிடலாமே, உங்க நாட்டுல எல்லாமே கம்ப்யூட்டராமே? பெருமையா சொல்லிக்கிறீங்களே ஊரெல்லாம்."

"உங்க ஆளுங்களுக்குக் கால்ல ஆறு விரல்னு எங்க ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க. அதுல ஒண்ணைக்கூட நீட்ட மாட்டியா?"

"மெதுவாப் பேசற உங்க ஊர்க்காரங்கள்லயே நீதான்டா ரொம்ப மெதுவாப் பேசற. இப்பவே பன்னெண்டு ஆயிடுச்சு. போய் வேலையைப் பாரு." வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு பத்துக்கு எனக்கு மேலே இருக்கும் ஏழு பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: "பதினோராம் பத்தியில் நம் வாக்கியம் இல்லை. 12.45க்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால், மறுப்பு அனுப்ப எனக்கு உங்கள் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வேன்." கண்டத்தின் விதியை வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம்தான்.

பன்னிரண்டு இருபதுக்குத் தானெல் செய்தி. "நகர ஆரம்பிச்சிட்டான். நங்கூரத்தைத் தூக்கல."

உடனே கூப்பிட்டேன். காற்றும் இயந்திரமும் இரைந்தன.

"எந்தப் பக்கம் நகர்றான்?"

"எந்தப் பக்கம்னு நினைக்கிற? கடலுக்கடியில தரையைக் கீறிட்டே வர்றான். ஆமை வேகம், அஞ்சரை மைல் இருக்கு."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"கேப்டன் மேலே கேட்டுட்டிருக்காரு, கப்பல்ல ஏறலாமான்னு. இது நாம தனியா செய்யறதா, எல்லாருக்காகவும் செய்யறதான்னு தெரிஞ்சாதான் சொல்லுவாங்களாம். அவன் டெக்ல பத்துப் பதினைஞ்சு பேர் நிக்கிறாங்க. மாலுமி மாதிரி இல்ல. ரொம்ப நேரா நிக்கிறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "டேய், இதெல்லாம் உங்க ஆபீஸ்தானே சொல்லணும்?"

"ஆமா."

"ஆபீஸ்ல யாரு இருக்கா?"

"நான்."

"சரி. வேற யாரு?"

நான் வரிசையாகக் காலி நாற்காலிகளைப் பார்த்தேன். அவன் என் பெயரைக் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒருமுறை சொல்லிவிட்டு வைத்தான். எங்கள் வீட்டில் அது பெரிய பயத்தின் அடையாளம்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குத் துணைத் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் "படித்தார்" என்று வந்தது. பிறகு மூன்று புள்ளிகள் துடித்தன. ஏதோ எழுதுகிறார். புள்ளிகள் நின்றன. மறுபடி துடித்தன. வேண்டாம் என்று எழுதினால் வாக்கியம் போயிற்று. சரி என்று எழுதினால் நான் பிழைத்தேன். நாற்பத்துநான்குக்குப் புள்ளிகள் நின்றன. நாற்பத்தைந்து தாண்டியது. எதுவும் வரவில்லை. மனிதர் எழுத ஆரம்பித்து, எங்கள் ஊர் வழக்கப்படி, பேசாமலிருப்பதே மேல் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

கணினியில் என் அடையாள அட்டையைச் சொருகினேன். ஒரு வரி அடித்தேன்: "எஸ்டோனியா மௌனத்தைக் கலைக்கிறது. பதினோராம் பத்தியின் பழைய வாக்கியம் திரும்ப வேண்டும்." கையெழுத்துக்கான ரகசிய எண்ணைக் கேட்டது. விரல் வழுக்கியது. தவறு. இரண்டாவது தடவையும் தவறு. மூன்றாவது தடவை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். பிறகு என் கையெழுத்துக்கு நாட்டில் மதிப்பில்லை. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன். போயிற்று. மணி பன்னிரண்டு ஐம்பத்துமூன்று.

ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது. ஒரு பெரிய நாட்டின் மூத்த அதிகாரி. இந்த வரைவை ஓட்டுவது அவர் பொறுப்பு. நல்ல குரல், கோபத்தை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

"யார் பேசறது?"

"எஸ்டோனியா."

"எஸ்டோனியால யாரு?"

"ரோமெட்."

"யாரோட உத்தரவு இது, மிஸ்டர் ரோமெட்?"

"ஏழு பேரோடது."

"அவங்க எங்க? நான் ஒருத்தர்கிட்டயாவது பேசணும்."

"யோசிச்சிட்டிருக்காங்க."

"இந்த ஒரு வரிக்காக இருபத்தாறு நாட்டையும் நிறுத்தி வைக்கிறீங்களா? இதுக்கு உங்க நண்பர்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

சொல்ல நிறைய இருந்தது. எதுவும் வெளியே வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் நங்கூரம் ஒன்று தரையைக் கீறிக்கொண்டு போனது. பத்து விநாடி, இருபது விநாடி. நான் பயத்தில்தான் வாயடைத்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லையே. அவர் ஊரில் யாரும் மூன்று விநாடிக்கு மேல் பேசாமல் இருப்பதில்லை போலிருக்கிறது.

"சரி," என்றார். "ஒரு வழி இருக்கு. வாக்கியத்தைத் திருப்பி வச்சுடலாம். 'எதிரான செயலாகக் கருதப்படலாம்'னு. ஒத்துக்கறீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"மிஸ்டர் ரோமெட்?"

முப்பது விநாடி இருக்கும்.

"நீங்க எல்லாரும் இப்படித்தான்," என்று பெருமூச்சு விட்டார். "சரி. 'கருதப்படும்'. பழைய வாக்கியம் அப்படியே. இதுக்கு மேல எங்ககிட்ட எதுவும் இல்ல."

"நன்றி," என்றேன். அது எப்படியோ வந்துவிட்டது.

புது வரைவு ஒன்றரைக்கு வந்தது. வாக்கியம் அதனிடத்தில் இருந்தது. மாலை ஐந்து மணி வரை மௌனம். இந்த முறை இருபத்தாறு பேரில் யாராவது ஒருவர் வாய் திறந்தால் எல்லாம் போச்சு. தானெலிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

மூன்றரைக்கு ஹெய்க்கி எழுந்தார்.

"வரைவைப் படிச்சேன்," என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை மூச்சு விழித்திருப்பவருடையது. "மறுப்பு அனுப்ப உனக்கு யாரு ஒப்புதல் குடுத்தது?"

"நீங்கதான். பன்னெண்டே முக்காலுக்குள்ள எதிர்ப்புத் தெரிவிக்கல."

"நான் வைக்கோல்ல இருந்தேன்."

"தெரியும். உங்க வீட்ல சொன்னாங்க."

ஒரு கொட்டாவி விட்டார். பிறகு, "திங்கக்கிழமை என் அறைக்கு வா. அதுவரைக்கும் எதையும் தொடாத. அஞ்சு மணி வரைக்கும் யாராவது கூப்பிட்டா எடுக்காத. தும்மல் வந்தாக்கூட வெளிய போய்த் தும்மு."

கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டேன். மதிய உணவில் ஹெர்ரிங் மீன் தீர்ந்துவிட்டது என்று எங்கள் கான்டீன் அறிவித்திருந்தது, முந்தாநாள் அனுப்ப மறந்ததாம். நான்கரைக்கு இல்ஸே ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பினாள். பதிலுக்கு நான் ஒன்று அனுப்பினேன். ஐந்து அடித்தது. ஐந்து இரண்டுக்கு வந்தது: மறுப்பு எதுவும் பெறப்படவில்லை, அறிக்கை ஏற்கப்பட்டது.

ஐந்து இருபதுக்குத் தானெல் கூப்பிட்டான். தொண்டை கட்டியிருந்தது.

"ஏறலாம்னு உத்தரவு வந்துச்சு. அஞ்சு அஞ்சுக்கு. நாங்க கயிறை எடுக்கறதுக்குள்ள அவன் நங்கூரத்தைத் தூக்கிட்டான். கேபிளுக்குக் கால் மைல் இருக்கும்போது. கிழக்கே திரும்பிப் போயிட்டிருக்கான்."

"பயந்து போறானா, வேலை முடிஞ்சு போறானா?"

"யாருக்குத் தெரியும்? டெக்ல இருந்தவங்க எங்களைப் பாத்துக் கையாட்டினாங்க." காற்று இரைந்தது. "அதுக்குள்ள எதையாவது அறுத்துட்டானோ என்னவோ, உன் ரூம்ல லைட் எரியுதா பாரு."

அண்ணாந்து பார்த்தேன். எரிந்தது. எங்கள் ஊரில் ஜூன் மாதம் மாலை ஐந்து மணிக்கு யாரும் விளக்குப் போடுவதில்லை. நான் காலையிலிருந்தே அத்தனையையும் போட்டு வைத்திருந்தேன், நடைகூடத்திலும், கழிவறையிலும்கூட. அணைக்கலாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை வரை எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. அப்படியே விட்டுவிட்டேன்.